தவளையின் ஸ்டாண்டு

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி துவைக்கும் கூடத்தைத் தாண்டினால் செருப்புப் பட்டறை வரும். கடையில் வாங்கும் செருப்பு ஒத்துவராத கால்களுக்கு அங்கேதான் செருப்பும் பூட்ஸும் செய்கிறார்கள். பட்டறைக்கு முன்னால் ஒரு சின்ன அறை. அங்கே தரையில் காகிதம் விரித்து, வருகிறவர்களை அதன்மேல் நிற்கவைத்து, காலைச் சுற்றிக் கோடு போட்டு அளவெடுப்பவர்தான் அளவக்கா. தோல் வெட்டுகிறவர் விளையாட்டாக வைத்த பேர், கோந்து போட்டதுபோல ஒட்டிக்கொண்டது.

அந்த அறைக்கு வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. சுவரோரமாக ஒரு மர ஸ்டாண்டு நிற்கிறது. ஓவியம் வரைகிறவர்கள் பலகையைச் சாய்த்து வைக்கிற மூன்று கால் ஸ்டாண்டு. அதன்மேல் படமும் இல்லை, பலகையும் இல்லை. எலும்பு டாக்டரே ஒருமுறை கேட்டுவிட்டார், "இதுல ஒரு காலண்டராவது மாட்டலாமே?" என்று.

"இருக்கட்டும் டாக்டர்" என்றார் அளவக்கா. அவரிடம் அதற்குமேல் பேச்சு பிடுங்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதியத்தில் அளவக்கா பட்டறைக்காரர்களோடு சாப்பிடுவார் என்று டாக்டர்கள் நினைக்கிறார்கள். டாக்டர்களோடு சாப்பிடுவார் என்று பட்டறைக்காரர்கள் நினைக்கிறார்கள். அவர் கீழே பட்டறைக்கும் மேலே டாக்டர்களின் மாடிக்கும் நடுவே, படிக்கட்டின் திருப்பத்தில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறார். ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட பழக்கம் இல்லை இது. பள்ளிப் படிப்பு முடித்த வருடம் அவரே தேடிப்போய் வாங்கிக்கொண்டது.

அப்போது அவள் அக்கா இல்லை. ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் மகள். அம்மா மருந்துக்கடையில் பில் போடுகிறவர். பெண் எதைக் கண்டாலும் வரைவாள். செத்துக் கிடக்கும் வண்டைக் கண்டாலும் விடமாட்டாள், திருப்பிப் போட்டு அடிவயிற்றையும் பார்ப்பாள். வரைவது பிடிக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் பிடிக்கும். இரண்டில் எது கூடுதலாகப் பிடிக்கும் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள்.

இரண்டு கல்லூரிகள் அவளைக் கூப்பிட்டன. ஒன்று ஓவியத்துக்கென்றே இருந்த கல்லூரி, பழைய நூல் கிடங்கு ஒன்றில் நடந்தது. அப்பாவோடு பார்க்கப் போன அன்று, படியில் உட்கார்ந்திருந்த மாணவர்களின் முழங்கை வரை சாயம். ஒரு பெண் பக்கத்தில் இருந்தவனுடைய டப்பாவிலிருந்து கேட்காமலே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை. இவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே தொங்கிய படங்கள் ஒன்றுகூட அவளுக்கு இன்று நினைவில்லை. அந்த ஒரு வாய்ச் சாப்பாடு நினைவிருக்கிறது.

இன்னொன்று பெரிய கல்லூரி. அங்கே ஓவியத்தோடு வேறொரு பாடத்தையும் சேர்த்துப் படிக்கலாம். அவளுக்கு விலங்கியலும் கிடைக்கும். அப்பா அங்கே போனதும் முதலில் லிஃப்டில் ஏறினார். மேலே போய்க் கீழே வந்து, காதைச் சுவரில் வைத்துக் கேட்டு, "நல்லாப் பராமரிக்கிறாங்க" என்றார். கல்லூரியைப் பற்றி அவர் சொன்ன ஒரே அபிப்பிராயம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"எந்த லிஃப்டையும் ஒத்தைக் கயிறுல தொங்க விடமாட்டோம்மா" என்றார் அப்பா. "ஒண்ணு தேஞ்சாலும் இன்னொண்ணு பிடிக்கணும். ஆனா இது என் தொழில் புத்தி. படிக்கப் போறது நீ. உனக்கு எது தோணுதோ அதைச் சொல்லு, நான் வந்து சேர்த்துவிடறேன்."

"எங்க வேணா படி, டப்பாவை மட்டும் தொலைச்சுட்டு வராத" என்றார் அம்மா.

இரண்டையும் படிக்கிறேன் என்றாள் அவள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்திருந்தாலாவது ஆயுசு முழுக்க அப்பாவைத் திட்டி மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம். நல்ல அப்பா அமைந்தால் அந்தப் பாக்கியமும் போய்விடுகிறது.

பெரிய கல்லூரியில் ஓவியக் கூடம் ஒரு கோடி, விலங்கியல் கூடம் மறு கோடி. இவள் இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். ஓவியக் கூடத்துக்குள் நுழைந்தால் கையில் தவளைகளை ஊறப்போட்டு வைக்கும் ஃபார்மலின் நாற்றம். யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு "தவளை வந்தாச்சு" என்றார்கள். அன்றிலிருந்து அங்கே அவள் தவளை. அவளுடைய ஸ்டாண்டில் ஒட்டிய சீட்டில்கூட யாரோ அப்படியே எழுதிவைத்தார்கள். விலங்கியல் கூடத்தில் நகத்துக்குள் கரி. அங்கே அவள் பேர் "ஓவியம்". இரண்டு இடத்திலும் கேலிக்கு ஆள் இருந்தது, கூட உட்கார ஆள் இல்லை. கெட்டவர்கள் யாருமில்லை. அவள் இன்னொரு பக்கத்து ஆள் என்று இரண்டு பக்கமும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தது, அவ்வளவுதான்.

வகுப்புப் புகைப்படம் எடுத்த நாளில் இது உச்சத்துக்குப் போனது. அவள் விலங்கியலோடு நிற்பாள் என்று ஓவியக்காரர்கள் தேடவில்லை. ஓவியத்தோடு நிற்பாள் என்று விலங்கியல்காரர்கள் தேடவில்லை. அவள் இரண்டு கூடத்துக்கும் நடுவே படிக்கட்டில் உட்கார்ந்து, யாராவது கூப்பிடுவார்கள் என்று தலையை வாரிக்கொண்டு காத்திருந்தாள்.

"ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சாங்களா?" என்று அம்மா கேட்பார்.

"ரெண்டு பக்கமும் இருக்காங்கம்மா" என்பாள். பொய் சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னாள். டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

இரண்டாம் வருடத்தில்தான் பெரிய சிக்கல் வந்தது. அந்த வருடம் ஓவியத்தில் முக்கியப் பாடம், ஆளை நிற்கவைத்து வரைவது. வாரத்தில் ஒரு காலை, மாடலாக ஒரு பெண்மணி வந்து மேடையில் நிற்பார். சுற்றிலும் ஸ்டாண்டு போட்டு எல்லோரும் வரைவார்கள். அதே காலை, அதே நேரத்தில் விலங்கியலில் அறுத்துப் பார்க்கும் வகுப்பு. அதற்கு அன்றன்றைக்கே மதிப்பெண், தவறினால் போனது போனதுதான். ஓவியத்துக்கு அப்படி இல்லை. வருட முடிவில் படங்களைச் சுவரில் மாட்ட வேண்டும். பார்த்துவிட்டு ஆசிரியை முடிவு சொல்வார். சரியில்லை என்றால், இரண்டு பாடம் எடுத்தவர்கள் ஓவியத்தை விட்டுவிட வேண்டும்.

அவள் அலுவலகத்தில் போய்க் கேட்டாள். "ரெண்டும் நீங்க ஆசைப்பட்டுக் கேட்டதுதானே?" என்றார் அங்கிருந்தவர். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஓவிய ஆசிரியை கொஞ்சம் இரக்கப்பட்டு, "அங்க முடிச்சுட்டு வந்துடு, கூடம் திறந்துதான் இருக்கும்" என்றார். சொன்னதை மறுவாரமே மறந்தும் போனார். அவருக்கு எத்தனையோ மாணவர்கள்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வருவதற்குள் மாடல் போயிருப்பார். மற்றவர்கள் தேநீர் குடிக்கக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வரைந்து முடிக்காத படத்தை அடுத்தவர் பார்க்கக்கூடாது. அதனால் போகும்போது ஒவ்வொருவரும் தன் பலகையைத் திருப்பி, முகம் உள்பக்கம் இருக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போவார்கள். திருப்பிப் பார்ப்பது அடுத்தவர் பையில் கைவிடுவதற்குச் சமம். அவளுக்கு அந்த அளவுக்கு ரோஷம் இருந்தது. ஒன்றையும் தொட்டதில்லை.

மிஞ்சியது மேடை. மாடல் சாய்ந்து நின்ற முக்காலி. அதன்மேல் போட்டிருந்த துணி, கை அழுந்திய இடத்தில் கசங்கியபடி. அப்புறம் மேடைப் பலகையில் சாக்பீஸ் கோடு. மாடல் இடையில் ஓய்வெடுத்துவிட்டு வந்தால் அதே இடத்தில் நிற்க வேண்டுமே, அதற்காக வகுப்பு லீடர் அவருடைய இரண்டு பாதத்தையும் சுற்றி வரைந்து வைப்பான். ஒரே நிலையில் இரண்டு வாரம் நிற்பார் என்பதால் கோட்டை அழிக்காமல் விட்டிருப்பார்கள்.

இவ்வளவு போதாதா என்று அவள் நினைத்தாள். மற்றவர்களுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும் அல்லவா? எந்த எலும்பு எதன்மேல் உட்காருகிறது, பாதம் இப்படித் திரும்பினால் இடுப்பு எப்படித் திரும்பும், கை இங்கே ஊன்றினால் தோள் எங்கே ஏறும், எல்லாம் அத்துப்படி. பாதத்திலிருந்து ஆரம்பித்து மேலே மேலே கட்டிக்கொண்டு போனாள். காலி மேடையில் ஒரு பெண்மணி எழுந்து நின்றார். உயரமானவர், அகலத் தோள், யாருக்கும் அசையாத நிற்பு.

ஒரே ஒரு எரிச்சல் உண்டு. லீடர் சோம்பேறி. இடது பாதத்தை முழுசாகப் போட்டிருப்பான். வலது பாதத்தில் விரலும் முன்பக்கமும் மட்டும்தான் இருக்கும், குதிகாலைப் போடாமல் விட்டிருப்பான். ஒவ்வொரு தடவையும் இதே கதை. "இதைக்கூட ஒழுங்கா போட மாட்டியாடா" என்று முணுமுணுத்துக்கொண்டு, அவளே ஒரு சாக்பீஸை எடுத்து, குனிந்து, அந்தக் குதிகாலை வட்டமாக வரைந்து முடிப்பாள்.

நாளாக ஆக அவள் அந்தப் பெண்மணியோடு பேச ஆரம்பித்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லையே. இன்றைக்குப் புறாவை அறுத்தோம், இதயம் இத்தனூண்டு. இன்றைக்கும் யாரும் பேசவில்லை. நீங்கள் எப்படி இப்படி நிற்கிறீர்கள், எனக்கும் சொல்லிக்கொடுங்களேன். வாரம் முழுவதிலும் அவளுக்கென்று நின்ற ஒரே ஆள் அவர்தான், அவரும் அங்கே இல்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சுவர்க் கடிகாரத்தோடுகூடப் பேச்சு வரும்.

வருடக் கடைசியில் படங்களை மாட்டினார்கள். அங்கே இன்னொரு விதி. மாட்டியவர் வாயைத் திறக்கக்கூடாது, சுவரோடு சாய்ந்து நிற்க வேண்டும், மற்றவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். அவள் முறை வந்தது. படங்களைப் பார்த்ததும் எல்லோரும் நெருங்கி வந்தார்கள். நன்றாக இருந்தன, அதில் சந்தேகமே இல்லை.

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு கிட்டப் போனார். அப்புறம் மற்றவர்களின் படங்களைப் பார்த்தார். திரும்ப வந்தார்.

"எல்லார் படத்துலயும் வலது குதிகால் தரையில படல" என்றார். "உன்னோடதுல மட்டும் படுது. எல்லாப் படத்துலயும் படுது. எங்க நின்னு பாத்த நீ?"

அவள் மற்ற சுவர்களை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். எத்தனை கரிக்கோடு, எத்தனை கை. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன உருவப் பெண்மணி, வலது கால் குட்டையாக, குதிகால் அந்தரத்தில். அந்தக் காலை அவருடைய உடம்பு முழுக்க ஏந்திக்கொண்டிருந்தது. யாரும் சோம்பேறி இல்லை. லீடர் பார்த்ததை அப்படியே போட்டிருக்கிறான்.

விதியை மீறி அவள் பேசினாள். "நான் பாக்கல மிஸ். ஒரு நாளும் பாக்கல. எனக்கு அந்த நேரத்துல வேற கிளாஸ். அவங்க போனப்புறம்தான் நான் வருவேன்."

"ஏய், நீ ஒவ்வொரு தடவையும் கடைசி வரைக்கும் உக்காந்து வரைவியே?" என்றாள் ஒருத்தி.

"போறப்ப பாத்திருக்கேனே, நீ தூணுக்குப் பின்னாடிதானே இருப்ப?" என்றான் லீடர்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அதுதான் அவளைக் கொன்றது. படம் தவறாகப் போனதுகூட இரண்டாம் பட்சம். ஒரு வருடம் முழுக்க அவள் அந்தக் கூடத்தில் இல்லை, இல்லை என்பதே ஒருவருக்கும் தெரியவில்லை. கண்ணீர் பொலபொலவென்று வந்தது. அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

ஆசிரியைக்கு முகம் வாடிவிட்டது. தான் சொன்னது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "மாடல்கிட்ட கேக்கறேன். தனியா ஒரு தடவை வந்து நிப்பாங்க. உண்மையாப் பாத்து ஒரே ஒரு படம் போடு. அதை வெச்சு முடிவு பண்ணலாம்" என்றார்.

மாடல் வருவதாகச் சொன்ன நாளில் அவள் விலங்கியலுக்குப் போகவில்லை. கூடத்தில் மற்ற ஸ்டாண்டுகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டார்கள். அவளுடையது மட்டும் தூணோரம் நின்றது. பழைய படங்கள் சுவரில் அப்படியே இருந்தன. கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண்மணி வந்தார். அவள் மனதில் இருந்தவரில் பாதி உயரம்தான் இருப்பார். விந்தி விந்தி நடந்து, பையை மாட்டிவிட்டு, முழங்கால் வரை வெள்ளை உடையோடு மேடை ஏறினார். ஏறியவர் சுவரில் இருந்ததைக் கவனித்துவிட்டு இறங்கி வந்தார்.

"யாரு இது?"

"நீங்கதான்க்கா" என்றாள் அவள்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா நிக்கறா" என்றார். பிறகு திரும்பி, "அப்ப சாக்பீஸ்ல குதிகால் போட்டு வெச்சதும் நீதானா?"

அவள் தலையாட்டினாள்.

"ரெண்டாவது வாரம் வந்து பாப்பேன். யாரோ எனக்குக் குதிகால் போட்டு வெச்சிருப்பாங்க. மொதல்ல கேலி பண்றாங்கன்னுதான் நெனச்சேன். இந்த வேலையே வேணாம்னு தோணிச்சு. அப்புறம் ஒரு நாள், யாரும் வர்றதுக்கு முன்னாடி, அந்த வட்டத்துக்குள்ள காலை இறக்கிப் பாத்தேன்." அவர் சிரித்தார். "எங்க இறங்குது? சாஞ்சுட்டேன், விழப் போயிட்டேன்."

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. மன்னிச்சிருங்கக்கா."

"அழாத. தெரியாமதான் போட்டிருக்க, இந்தப் படத்தைப் பாத்தாலே தெரியுது." அவர் மேடையேறி முக்காலியில் கையை ஊன்றி நின்றார். அவள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்க் கரியைக் கையில் எடுத்தாள்.

"ஓ, அந்த ஸ்டாண்டு உன்னோடதா?" என்றார் அவர். "தவளைன்னு எழுதியிருக்குமே? எந்தப் பெத்தவங்க பிள்ளைக்கு இப்படிப் பேரு வெச்சாங்கன்னு நெனச்சுக்குவேன்."

"அது... கேலிக்கு வெச்சது."

"வருஷம் பூரா அங்க ஆளே இருக்காது. எனக்கு அது ரொம்ப வசதி. இத்தனை பேரு என்னையே உத்துப் பாக்கறப்ப நான் எங்க பாக்கறது சொல்லு? யாரைப் பாத்தாலும் சங்கடம். கண்ணை வைக்க ஒரு இடம் வேணும்ல? அதனால அந்தக் காலி ஸ்டாண்டையேதான் பாத்துட்டு நிப்பேன். இன்னிக்காவது தவளை வருமான்னு நெனச்சுக்குவேன்."

அவள் கையிலிருந்த கரி அப்படியே நின்றது. அவளைத் தேடியிருக்கிறார்கள். வாரம் தவறாமல் ஒருவர் தேடியிருக்கிறார்.

"இப்ப நீ வந்துட்ட" என்றார் அவர். "நான் எங்க பாக்கறது?"

"என்னையே பாருங்கக்கா" என்றாள் அவள்.

அவர் பார்த்தார். அவள் வரைந்தாள். குதிகாலை அந்தரத்திலேயே விட்டாள். அந்த இடத்துக்கு வரும்போது கை இரண்டு தடவை கீழே இறங்கப் பார்த்தது. பிடித்து நிறுத்தினாள்.

அந்த ஒரு படத்தால் அவளுக்கு ஓவியத்தில் இடம் நிலைத்தது. இரண்டையும் படித்து முடித்தாள். கடைசி வருடம் ஆளை வரையும் வகுப்பு வேறு நேரத்துக்கு மாறியது, மாடலும் மாறினார். அவரைத் தேடி அவள் விசாரித்தபோது, அவர் எங்கே குடியிருக்கிறார் என்று கல்லூரியில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் தோள்பட்டை எல்லோருக்கும் தெரியும். வீடு தெரியாது. பேரைக்கூட யாரும் கேட்டு வைத்திருக்கவில்லை, அவளும்தான்.

ஓவியம் படித்த விலங்கியல்காரிக்கு எங்கே வேலை கிடைக்கும் என்று உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். அப்பாதான், ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுது பார்க்கப் போன இடத்தில், காலை வரையத் தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தார். பட்டறையில் சேர்ந்ததும் அவள் முதன்முதலாக, யாரும் கேட்காமல், நினைவிலிருந்தே ஒரு ஜோடிச் செருப்புக்கு அளவு போட்டுக் கொடுத்தாள். வலது கால், அடியில் கட்டை வைத்து உயர்த்தியது. தோல் வெட்டுகிறவர் யாருக்கு என்று கேட்காமல் தைத்துக் கொடுத்தார். அந்த ஜோடி இன்னும் மேல்தட்டில் இருக்கிறது. வேறு யாருக்கும் பொருந்தாது. கல்லூரி பழைய சாமான்களைக் கழித்துப் போட்டபோது போய், தன் ஸ்டாண்டைத் தேடி எடுத்து வந்தாள். சீட்டு எப்போதோ உரிந்து விழுந்திருந்தது.

வருடங்கள் போயின. அப்பா போனார், அம்மாவும் போனார். அளவக்கா இன்னும் படிக்கட்டில்தான் சாப்பிடுகிறார். அவரிடம் வருகிறவர்கள் காகிதத்தின்மேல் ஏறி நிற்கிறார்கள். குதிகால் தரையைத் தொடாத இடத்தில் அவர் கோட்டைத் திறந்தே விட்டு, எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுதுகிறார். மேல்தட்டுச் செருப்புக்கு உரிய கால் எப்போதாவது அந்தக் கதவைத் திறந்துகொண்டு வரும் என்று முதலில் எல்லாம் விந்தி நடக்கும் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவார். இப்போது எழுவதில்லை, தலையை மட்டும் நிமிர்த்துகிறார்.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கூச்சத்தோடு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காகிதத்தில் ஏறினாள். அளவக்கா பென்சிலோடு அவள் காலடியில் உட்கார்ந்தார்.

"நான் எங்க பாக்கறதுக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"அந்த ஸ்டாண்டைப் பாரும்மா" என்றார் அளவக்கா. "அங்க யாரும் இல்ல."